டேப் எட்டுகிற இடத்திலிருந்து தொடங்குங்கள்: உருளை, கூம்பு கன அளவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டு வேலை நடந்துகொண்டிருந்த சமயம் மதில் சுவர் ஓரமாக ஒரு லோடு எம்-சாண்ட் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒரு யூனிட் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள், அதாவது 100 கன அடி. பார்த்தால் குறைவாகத் தெரிந்தது. கூம்பின் கன அளவு பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்திலேயே மனப்பாடம் ஆனதுதான்: ஆரத்தின் வர்க்கத்தை உயரத்தால் பெருக்கி, பையால் பெருக்கி, மூன்றால் வகுக்க வேண்டும். டேப்போடு குவியல் முன்னால் போய் நின்றபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஆரத்தை அளக்க வேண்டுமானால் டேப்பின் நுனி குவியலுக்கு நட்டநடுவே, மணலுக்கு அடியில், தரையில் இருக்க வேண்டும். உயரத்தை அளக்கவும் அதே இடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே யார் கையும் போகாது.

பாடப்புத்தகக் கணக்குக்கும் களத்துக் கணக்குக்கும் இதுதான் வித்தியாசம். புத்தகத்தில் ஆரமும் உயரமும் கொடுத்துவிடுவார்கள். களத்தில் கிடைப்பது சுற்றளவு, சாய்வு, கயிற்றில் ஈரம் படிந்த நீளம், இவ்வளவுதான். எனவே சூத்திரத்தை அப்படியே ஒப்பிக்காமல் கைக்கு எட்டுகிற அளவுகளுக்கு ஏற்றபடி திருப்பி எழுதிக்கொள்வதுதான் உண்மையான வேலை. அதை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்போம். கால்குலேட்டரில் வர்க்கமூலம் போடத் தெரிந்தால் போதும்.

முதலில் வட்டம்

உருளையோ கூம்போ, அடியில் இருப்பது வட்டம். பாதிச் சுற்றளவையும் பாதி விட்டத்தையும் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு வந்துவிடும் என்று பழைய தமிழ்க் கணக்குச் செய்யுள் ஒன்று சொல்கிறது. அதில் பை என்ற எண்ணே கிடையாது, ஆனாலும் துல்லியமாகச் சரி. வட்டத்தைக் கேக் துண்டு போல மெல்லிய முக்கோணங்களாக வெட்டி, ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி மாற்றி அடுக்கினால் ஒரு செவ்வகம் மாதிரி ஆகும். அதன் நீளம் பாதிச் சுற்றளவு, அகலம் பாதி விட்டம். அவ்வளவுதான் காரணம்.

இதை மூன்று விதமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் தெரிந்தால் ஆரம் × ஆரம் × 3.1416. விட்டம் தெரிந்தால் விட்டம் × விட்டம் × 0.785. சுற்றளவு மட்டும்தான் தெரியுமென்றால் சுற்றளவு × சுற்றளவு ÷ 12.57. மூன்றும் ஒரே விடையைத்தான் தரும், ஆனால் வெளியில் அதிகம் உதவப்போவது மூன்றாவது. 3.1416 போடுவதா 22/7 போடுவதா என்று குழம்ப வேண்டாம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.04 சதவீதம். டேப் கொஞ்சம் தொய்ந்தாலே அதைவிடப் பெரிய பிழை வந்துவிடும்.

உருளை: கிணறு

அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கினால் உருளையின் கன அளவு. நம் ஊரில் விட்டத்தை அடியில் அளக்கிறோம், தண்ணீரை லிட்டரில் பேசுகிறோம். ஒரு கன அடி என்பது 28.317 லிட்டர். 0.785-ஐயும் அதையும் சேர்த்தே பெருக்கி வைத்துக்கொண்டால் ஒரே எண்ணில் முடிந்துவிடும்:

லிட்டர் = விட்டம் × விட்டம் × ஆழம் × 22.24 (விட்டமும் ஆழமும் அடியில்)

இந்த 22.24-ஐ மட்டும் எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வட்டக் கிணறு, உறைகிணறு, தண்ணீர்த் தொட்டி, போர் (ஆழ்துளைக் கிணறு) எல்லாவற்றுக்கும் இதே எண்தான்.

கிணற்றின் விட்டத்தை எப்படி எடுப்பது? குறுக்கே டேப்பைப் பிடித்தால் அது நடு வழியாகப் போகிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஒருவர் டேப்பின் நுனியைக் கிணற்றின் உள்விளிம்பில் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் எதிர்ப்பக்கத்தில் விளிம்பை ஒட்டி மெதுவாக நகர்ந்துகொண்டே டேப்பைப் படிக்கட்டும். எண் ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்று பிறகு இறங்கத் தொடங்கும். அந்த உச்ச எண்தான் விட்டம். இதை அவசரமாகச் செய்யக் கூடாது, ஏனென்றால் விட்டம் வர்க்கமாகப் பெருகுகிறது. 20 அடி விட்டத்தை 19 அடி என்று எடுத்துவிட்டால் விட்டத்தில் பிழை 5 சதவீதம்தான், கன அளவிலோ கிட்டத்தட்ட 10 சதவீதம் காணாமல் போகும். ஆழத்தில் 5 சதவீதம் தவறினால் விடையிலும் 5 சதவீதம்தான் தவறும். நேரம் குறைவாக இருந்தால் கவனத்தை விட்டத்தில் வையுங்கள்.

ஆழத்துக்குக் கயிறும் கல்லும் போதும். கல் தரை தட்டியதும் கயிறு தொய்யும், இழுத்து நேராக்கி வெளியே எடுத்து, ஈரமான பகுதியை மட்டும் அளந்தால் நீர்மட்டத்தின் உயரம். 20 அடி விட்டமுள்ள கிணற்றில் 12 அடி தண்ணீர் நிற்கிறது என்றால் 20 × 20 × 12 × 22.24 = 1,06,752 லிட்டர். ஒரு லட்சத்து ஆறாயிரத்துச் சொச்சம்.

மொத்தத்தைவிட எனக்கு எப்போதும் உதவுவது ஓர் அடிக்கு எவ்வளவு என்ற கணக்கு. இந்தக் கிணற்றில் 20 × 20 × 22.24, அதாவது அடிக்கு ஏறக்குறைய 8,900 லிட்டர். மோட்டார் 3 மணி நேரம் ஓடி மட்டம் 5 அடி இறங்கினால் 44,500 லிட்டர் குறைந்திருக்கிறது, மணிக்குப் பதினான்காயிரத்து எண்ணூறுக்குக் கொஞ்சம் மேல். ராத்திரி மோட்டாரை நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் 4 அடி ஏறியிருக்கிறது என்றால் ஊற்று அந்த ஓர் இரவில் 35,600 லிட்டர் கொடுத்திருக்கிறது. ஒன்று கவனியுங்கள், மோட்டார் ஓடும்போதும் ஊற்று சுரந்துகொண்டுதான் இருக்கும், அதனால் மோட்டார் இறைத்தது மட்டம் இறங்கியதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். வாரம் ஒரு முறை இந்த இரண்டு அளவையும் குறித்து வந்தால் கோடையில் எந்த வாரத்தில் கிணறு கைவிடத் தொடங்குகிறது என்று முன்கூட்டியே தெரியும். எந்தப் பயிர் வைப்பது என்று முடிவெடுக்க இதைவிட நல்ல தகவல் வேறு இல்லை என்பேன்.

போருக்கும் இதே கணக்கு, விட்டத்தை இஞ்ச்சிலிருந்து அடிக்கு மாற்ற 12-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். ஆறரை இஞ்ச் போர் என்றால் 0.5417 அடி. வர்க்கம் 0.2934, பெருக்கல் 22.24, அடிக்கு 6.5 லிட்டர் வருகிறது. ஆறரை இஞ்ச்சுக்கு ஆறரை லிட்டர் என்பது தற்செயலான பொருத்தம், நினைவில் வைத்துக்கொள்ள வசதி. நாலரை இஞ்ச் போருக்கு இது பொருந்தாது, அதில் அடிக்கு 3.1 லிட்டர்தான். 200 அடிக்குத் தண்ணீர் நிற்கிறது என்று ஆறரை இஞ்ச் போரைப் பற்றிச் சொன்னால் பெரிதாகத் தோன்றும், ஆனால் குழிக்குள் இருப்பது 1,300 லிட்டர்தான். மீதியெல்லாம் பாறை இடுக்கிலிருந்து வந்து சேர வேண்டியது.

தொட்டி: சுவரைக் கழிக்க மறக்காதீர்கள்

வட்டமான சிமெண்ட் தொட்டிக்குள் இறங்கி அளக்க முடியாதபோது வெளியே கயிற்றைச் சுற்றி எடுப்போம். சுற்றளவு 22 அடி என்றால் 3.1416-ஆல் வகுத்தால் விட்டம் 7 அடி. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். அது வெளி விட்டம். சுவர் கனம் 3 இஞ்ச் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து அரை அடி கழிய வேண்டும், உள் விட்டம் 6.5 அடி. தண்ணீர் 5 அடி நின்றால் 6.5 × 6.5 × 5 × 22.24 = 4,698 லிட்டர். கழிக்காமல் போட்டால் 5,449 வரும். வித்தியாசம் 750 லிட்டர், கிட்டத்தட்ட நாலு டிரம் தண்ணீர்.

சுவருக்கு எவ்வளவு கலவை ஆகும் என்று தெரிய வேண்டுமானால் வெளி உருளையிலிருந்து உள் உருளையைக் கழிக்கலாம், அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. வெளி விட்டத்துக்கும் உள் விட்டத்துக்கும் சராசரி எடுங்கள், இங்கே 6.75. அதை 3.1416-ஆல் பெருக்கினால் சுவரின் நடுக்கோட்டு நீளம், 21.2 அடி. சுவரை அறுத்து நேராக விரித்து வைத்ததாக நினைத்துக்கொண்டு கனத்தாலும் உயரத்தாலும் (சுவர் உயரம் 5.5 அடி என்று வைத்துக்கொள்வோம்) பெருக்குங்கள்: 21.2 × 0.25 × 5.5 = ஏறக்குறைய 29 கன அடி. இது தோராயம் அல்ல, கழித்துப் பார்த்தாலும் இதே விடைதான் வரும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்குக் கேள்வி தலைகீழாக இருக்கும். 5,000 லிட்டர் வேண்டும், இடம் 6 அடி விட்டத்துக்குத்தான் இருக்கிறது, எவ்வளவு உயரம்? 5000-ஐ 6 × 6 × 22.24-ஆல் வகுத்தால் 6.25 அடி, அதாவது 6 அடி 3 இஞ்ச். இன்னொரு வகை: உயரம் 4 அடிக்கு மேல் போகக் கூடாது, 3,000 லிட்டர் வேண்டும், விட்டம் எவ்வளவு? 3000-ஐ 4 × 22.24-ஆல் வகுத்தால் 33.7. இது விட்டத்தின் வர்க்கம். வர்க்கமூலம் 5.8, ஆக 5 அடி 10 இஞ்ச். இரண்டிலும் மேலே தளும்பாமல் இருக்க விடும் இடத்தையும் தண்ணீர் வெளியேறும் குழாயின் உயரத்தையும் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது

கூம்புக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். சார்ட் காகிதத்தில் 10 செ.மீ. ஆரத்துக்கு ஒரு வட்டம் வரைந்து, அதிலிருந்து 144 பாகை அளவுக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடுங்கள். மீதி 216 பாகை. ஓரங்களைச் சேர்த்து ஒட்டினால் (ஒட்டுவதற்கு ஒரு விரற்கடை கூடுதலாக விடுங்கள்) கூம்பு ஆகிவிடும். அதன் வாய் ஆரம் 6 செ.மீ., சாயுயரம் (விளிம்பிலிருந்து கூர்நுனி வரை சரிவின் நீளம்) 10, உயரம் 8. பிறகு 37.7 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டி உருளையாகச் சுருட்டி அடியை அடைத்துக்கொள்ளுங்கள். வாயும் உயரமும் இரண்டுக்கும் ஒன்றுதான். கூம்பு நிறைய அரிசியை அள்ளித் தலைதட்டி உருளையில் கொட்டுங்கள். முதல் தடவை கொட்டும்போது உருளை பாதிகூட நிறைந்திருக்காது, மனசு நம்பாது. மூன்றாவது தடவை விளிம்பு வரை வந்து நிற்கும்.

கூம்பின் கன அளவு 302 கன செ.மீ., உருளையினது 905. இந்த உண்மையை முதலில் சொன்னவர் பழைய கிரேக்க அறிஞர் டெமாக்ரிடஸ், நிரூபித்தவர் இன்னொரு கிரேக்கரான யூடாக்ஸஸ் என்று ஆர்க்கிமிடிஸ் எழுதி வைத்திருக்கிறார். அரிசி காட்டுவதைத் தர்க்கத்தால் நிறுவ அவ்வளவு பெரிய ஆட்கள் தேவைப்பட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அந்த 216 பாகை எப்படி வந்தது என்றால், வாய் ஆரத்தைச் சாயுயரத்தால் வகுத்து 360-ஆல் பெருக்க வேண்டும்: 6 ÷ 10 × 360. தகரத்தில் புனல் வெட்டுகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

கூம்பு: களத்து நெல்

இனி அம்பாரத்துக்கு வருவோம். சமதரையில் குவித்த நெல்லைச் சுற்றிக் கயிறு போட்டால் சுற்றளவு கிடைக்கும். ஆரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சூத்திரத்தைச் சுற்றளவுக்கே மாற்றிக்கொள்ளலாம்:

கூம்பின் கன அளவு = சுற்றளவு × சுற்றளவு × உயரம் ÷ 37.7

37.7 என்பது வேறொன்றும் இல்லை, மேலே வட்டத்துக்குச் சொன்ன 12.57-இன் மூன்று மடங்கு.

உயரத்துக்கு இரண்டு வழி. முதல் வழி சாயுயரம்: டேப்பை அடி விளிம்பிலிருந்து சரிவை ஒட்டி உச்சி வரை பிடித்து அளந்து, அதன் வர்க்கத்திலிருந்து ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுப்பது. சுற்றளவு 30 அடி, சாயுயரம் 5.8 அடி என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 30 ÷ 6.283 = 4.775. வர்க்கங்கள் 33.64, 22.80, வித்தியாசம் 10.84, வர்க்கமூலம் 3.29 அடி. கன அளவு 30 × 30 × 3.29 ÷ 37.7 = 78.5 கன அடி.

இந்த வழியை நான் முழுதாக நம்புவதில்லை. சாயுயரத்தை 5.8-க்குப் பதில் 6 என்று, வெறும் இரண்டரை இஞ்ச் கூட்டி அளந்துவிட்டால் உயரம் 3.63 ஆகிவிடும், ஒரே அடியில் 10 சதவீதம் ஏறிப்போகும். குவியல் தட்டையாக இருக்க இருக்க இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். அதனால் இரண்டாவது வழியையும் செய்யுங்கள்: உச்சியைத் தொடும்படி ஒரு நீளக் கம்பைக் கிடையாகப் பிடித்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, கம்பின் வெளி நுனியிலிருந்து தரை வரை நேர்கீழே டேப்பை விடுங்கள். அதுவே உயரம். இரண்டு பேர் வேண்டும், ஐந்து நிமிடம் ஆகும், விடை உறுதியாக இருக்கும்.

மூன்றாவதாக ஒரு சரிபார்ப்பு உண்டு, 1150-ஐ ஒட்டி பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதி என்ற கணக்கு நூலில் தானியக் குவியலுக்கென்றே ஒரு பகுதியில் இருப்பது. பெருந்தானியம் என்றால் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கு உயரம், நுண்தானியம் என்றால் பதினொன்றில் ஒரு பங்கு, சுணை உள்ள தானியம் என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. பிறகு சுற்றளவில் ஆறில் ஒரு பங்கை வர்க்கமாக்கி உயரத்தால் பெருக்கினால் கன அளவு. அவர் கொடுக்கும் எடுத்துக்காட்டில் பெருந்தானியக் குவியலின் சுற்றளவு 60 முழம்: உயரம் 6, ஆறில் ஒரு பங்கு 10, விடை 600 கன முழம்.

இதில் அழகு என்னவென்றால், எந்தத் தானியத்தைக் கொட்டினாலும் அது தனக்கென்று ஒரு சரிவில்தான் போய் நிற்கும். மேலே மேலே கொட்டினால் உருண்டு இறங்கிப் பரவுமே தவிரச் சரிவு மாறாது. அவருடைய ஒன்பதில் ஒரு பங்கைச் சரிவுக் கோணமாக மாற்றினால் 35 பாகை, பத்தில் ஒரு பங்கு 32, பதினொன்றில் ஒரு பங்கு 30. சொரசொரப்பான தானியம் செங்குத்தாக நிற்கிறது, வழவழப்பான சிறு தானியம் படர்ந்துவிடுகிறது. களத்தில் நின்று பார்க்காமல் இந்த மூன்று எண்களை எழுதியிருக்க முடியாது.

நம் நெல்லைச் சுணை உள்ள தானியமாக எடுத்துப் போட்டுப் பார்ப்போம். 30 அடியில் ஒன்பதில் ஒரு பங்கு 3.33 அடி, நாம் அளந்தது 3.29. பொருந்துகிறது. கன அளவு அவர் கணக்கில் 5 × 5 × 3.33 = 83 கன அடி, நம் சூத்திரத்தில் அதே உயரத்துக்கு 79.6. ஆறில் ஒரு பங்கின் வர்க்கம் என்பது 36-ஆல் வகுப்பது, அதாவது பையை 3 என்று எடுத்துக்கொள்வது. வாய்க்கணக்குக்கு 36, விலை பேசும்போது 37.7 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடை வேண்டுமானால், 78.5 கன அடி என்பது 2,223 லிட்டர். ஒரு லிட்டர் நெல் எவ்வளவு எடை என்று ரகத்தையும் ஈரத்தையும் பொறுத்து மாறும், அதனால் அளவு தெரிந்த ஒரு கேனில் தலைதட்டி நிரப்பி எடை போட்டுப் பாருங்கள். 20 லிட்டர் கேன் 11.6 கிலோ காட்டினால் லிட்டருக்கு 580 கிராம். 2,223 × 0.58 = சுமார் 1,290 கிலோ, 40 கிலோ மூட்டையில் 32 மூட்டை.

சுவர் ஓரக் குவியலும் நீளக் குவியலும்

சுவரில் சாய்ந்த குவியல் பாதிக் கூம்பு. என் எம்-சாண்ட் அப்படித்தான் கிடந்தது. தரையில் வளைந்த விளிம்பு 18 அடி, சுவரில் மணல் தொட்ட உச்சி 3.6 அடி. சுவர் ஓரம் என்பதால் உயரம் மட்டும் நேராகவே அளக்கக் கிடைத்தது. விளிம்பை முதலில் இரட்டிப்பாக்கி முழு வட்டமாக்க வேண்டும், 36 அடி. முழுக் கூம்பு 36 × 36 × 3.6 ÷ 37.7 = 123.8. அதில் பாதி 62 கன அடி. யூனிட் 100 என்றால் இது மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. இரட்டிப்பாக்காமல் 18-ஐ அப்படியே சூத்திரத்தில் போட்டிருந்தால் 31 வந்திருக்கும், அதைச் சொல்லிச் சண்டைக்குப் போயிருந்தால் தவறு என் பக்கம் ஆகியிருக்கும். கணக்கை எழுதிக் காட்டியதும் மிச்சத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு லோடையும் கொட்டுவதற்கு முன்பே லாரிப் பெட்டியிலேயே நீளம், அகலம், உயரம் அளந்துவிட்டேன். செவ்வகப் பெட்டியை அளக்க முடிகிறபோது கூம்பை அளக்கத் தேவையில்லை.

அறையின் உள்மூலையில் கிடந்தால் கால் கூம்பு: விளிம்பை 4-ஆல் பெருக்கி, விடையை 4-ஆல் வகுக்க வேண்டும். வெளிமூலையைச் சுற்றிக் கிடந்தால் முக்கால் கூம்பு: விளிம்பை ஒன்றே மூன்றில் ஒரு பங்கால் பெருக்கி, விடையில் முக்கால் எடுக்க வேண்டும். சுவர், உள்மூலை, வெளிமூலை மூன்றையும் லீலாவதியே சொல்லிவிடுகிறது.

டிப்பர் நகர்ந்துகொண்டே கொட்டினால் குவியல் நீளமாக, முதுகு போலக் கிடக்கும். அதைக் கூம்பு என்று எடுக்காதீர்கள். இரண்டு முனையிலும் அரைக் கூம்பு, நடுவில் முக்கோணக் கூரை என்று பிரியுங்கள். மொத்த நீளம் 16 அடி, அகலம் 8, உயரம் 2.7 என்றால் இரண்டு முனையும் சேர்ந்து 8 அடி விட்டமுள்ள ஒரு கூம்பு, 45 கன அடி. நடுப்பகுதியின் நீளம் 16-இல் 8 போக 8 அடி, அதன் கன அளவு 8 × 2.7 × 8-இல் பாதி, 86 கன அடி. மொத்தம் 131, ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல்.

வாளியும் கூம்புத் தொட்டியும்

வாளி என்பது நுனி வெட்டிய கூம்பு, பாடத்தில் இடைக்கண்டம் என்பார்கள். மேல் விட்டத்தின் வர்க்கம், கீழ் விட்டத்தின் வர்க்கம், இரண்டு விட்டங்களின் பெருக்கல், இந்த மூன்றையும் கூட்டி, உயரத்தாலும் 0.2618-ஆலும் பெருக்க வேண்டும். மேலே 30, கீழே 20, உயரம் 30 செ.மீ. என்றால் 900 + 400 + 600 = 1900, பெருக்கினால் 14,920 கன செ.மீ., அதாவது 14.9 லிட்டர். இரண்டு விட்டத்துக்கும் சராசரி எடுத்து உருளையாகப் போட்டாலும் 14.7 வருகிறது, வாளிக்கு அது போதும். ஆனால் மேலே 60, கீழே 10, உயரம் 50 செ.மீ. உள்ள புனல் போன்ற தொட்டிக்குச் சராசரி போட்டால் 48 லிட்டர் வரும், உண்மையில் பிடிப்பது 56. வாய்க்கும் அடிக்கும் வித்தியாசம் அதிகமென்றால் முழுச் சூத்திரத்தையே போடுங்கள்.

அடியில் கூராக முடியும் தொட்டியில் இன்னொரு விஷயம் உண்டு. பாதி உயரத்துக்கு நிரப்பினால் பாதி அளவு என்று நினைத்துவிடுகிறோம். கூம்பில் உயரம் பாதியானால் ஆரமும் பாதியாகும், ஆக உள்ளே இருப்பது எட்டில் ஒரு பங்குதான். ஐந்தில் நான்கு பங்கு உயரத்துக்கு நிரப்பினால்தான் பாதிக்குச் சற்று மேல் வரும். உள்ளே கோடு போட வேண்டுமானால் கூர்நுனியிலிருந்து நேர் உயரத்தில் 0.63 பங்கில் கால், 0.794 பங்கில் அரை, 0.909 பங்கில் முக்கால். 50 செ.மீ. உயரமுள்ள தொட்டிக்கு 31.5, 39.7, 45.4 செ.மீ. சரிவு வழியாக அளந்துதான் கோடு போட முடியும் என்றால் இதே பங்குகளைச் சாயுயரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே விகிதத்தில்தான் குறைகின்றன. பெயின்ட் அடிக்கும் முன் ஒரு லிட்டர் குவளையால் கால் கோடு வரை தண்ணீர் ஊற்றி எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கை பொருந்தினால் மற்ற இரண்டு கோட்டையும் தைரியமாகப் போட்டுவிடலாம்.